விதைநெல்லின் வயதும் குளத்துத் தண்ணீரும்

திருகோணமலையில் சீனக்குடா வழியாகப் பஸ்ஸில் போகிற எவரும் கடலோரத்தில் நிற்கும் மாவு ஆலையின் கோபுரங்களைப் பார்க்காமல் போக முடியாது. 1980 முதல் அங்கே கப்பல்களில் கோதுமை வந்து இறங்குகிறது, அரைபட்டு நாடு முழுக்கப் போகிறது, நாங்கள் அதைக் காலையில் பாணாகவும் இரவில் ரொட்டியாகவும் சாப்பிடுகிறோம். அதில் ஒரு மணிகூட இங்கத்தைய மண்ணில் விளைந்தது இல்லை. ஆனாலும் அந்தக் கோதுமையை எங்கோ தொலைவில் விதைக்கிற கமக்காரரும் தம்பலகாமத்தில் நெல் விதைக்கிற நானும் ஒவ்வொரு போகத்துக்கு முன்னும் ஒரே கேள்வியோடுதான் உட்காருகிறோம். இந்த முறை எந்த இனம் போடுவது?

என் தங்கச்சியின் மகன் கனடாவில் மனிற்றோபா மாகாணத்தில் ஒரு பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே வசந்தகாலக் கோதுமைதான் முக்கியம். கோதுமையில் இரண்டு வகை உண்டு. ஒன்றைப் பனிக்காலத்துக்கு முன்னே விதைப்பார்கள், அது நெடுநாள் குளிரில் கிடந்தால்தான் பிறகு கதிர் தள்ளும். மற்றதுக்கு அந்தக் குளிர் தேவையில்லை. ஏப்ரல் கடைசியில், மே மாதத்தில் மண் இளகியதும் விதைத்து ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுத்துவிடலாம். பாணுக்கு வேண்டிய புரதம் கூடிய சிவப்புக் கோதுமையில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகைதான். விதை வாங்கும் காலத்தில் ஒருநாள் போனில் சொன்னான்: "மாமா, இங்க இவங்க முதல்ல பாக்கிறது விளைச்சலை இல்ல. எத்தின நாளில முத்தும் எண்டுதான் கேப்பாங்க." அந்த ஒரு வசனம் எனக்குப் பிடித்துப்போனது, ஏனென்றால் நம் பக்கத்தில் விதைக் கடையில் நின்று பார்த்தால் பத்துப் பேரில் எட்டுப் பேர் முதலில் கேட்பது "ஏக்கருக்கு எத்தனை மூட்டை வரும்?" என்பதைத்தான்.

அவர்களுக்கு அந்தப் பழக்கம் பட்ட அடியில் வந்தது. 1800களின் பிற்பகுதியில் அந்த சமவெளிகளில் ரெட் ஃபைஃப் என்ற கோதுமைதான் எங்கும். நல்ல மா, நல்ல விளைச்சல், ஆனால் முத்துவதற்குள் இலையுதிர்கால உறைபனி வந்துவிடும், பச்சை மணியோடு பயிர் போய்விடும். 1892இல் அந்த ரெட் ஃபைஃப்போடு ஹார்ட் ரெட் கல்கத்தா என்ற இந்தியக் கோதுமையை இனக்கலப்புச் செய்தார்கள். அந்தக் கலப்பின் வாரிசுகளில் இருந்து சார்ள்ஸ் சோண்டர்ஸ் என்ற ஆய்வாளர் ஒவ்வொன்றாகத் தேர்ந்தார். மணிகளை வாயில் போட்டு மென்று, பிசுபிசுப்பு எப்படி என்று பார்த்தே தரத்தை மதிப்பிட்டாராம். அப்படி வந்த மார்க்கிஸ் என்ற இனம் 1909இல் கமக்காரர் கைக்குப் போனது. ரெட் ஃபைஃப்பைவிட ஒரு வாரமோ அதற்குச் சற்று மேலோ முந்தி முத்தியது, அவ்வளவுதான். அந்த ஒரு வாரம் கோதுமை விளையக்கூடிய நிலத்தின் எல்லையையே வடக்கே தள்ளிவிட்டது. நமக்குப் பக்கத்து நாட்டு விதை ஒன்று அங்கே போய் அவர்களுடைய காலக்கணக்கைத் திருத்தியது என்று நினைக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

நமக்கு உறைபனி இல்லை. நம்முடைய உறைபனி, வாய்க்காலை மூடுகிற நாள்.

சிறுபோகத்தில், அதாவது ஏப்ரல் அளவில் விதைக்கிற கோடைப் போகத்தில், தம்பலகாமமும் கந்தளாயும் கந்தளாய்க் குளத்தை நம்பி நிற்கின்றன. மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்றுப் பக்கம் மகாவலியின் கிளையான வெருகலாற்றுத் தண்ணீரை நம்பி நிற்கிறது. போக ஆரம்பக் கூட்டத்தில் குளத்தில் இருக்கிற தண்ணீரைப் பார்த்து முதல் தண்ணீர் எப்போது, கடைசித் தண்ணீர் எப்போது, எந்த வயது நெல் போடலாம் என்று தீர்மானிப்பார்கள். பலர் அந்தக் கூட்டத்துக்குப் போவதே இல்லை, போனாலும் முதல் தண்ணீர் திகதியை மட்டும் கேட்டுக்கொண்டு எழும்பி விடுகிறார்கள். எனக்கென்றால் மிக முக்கியமானது கடைசித் தண்ணீர் திகதிதான். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் இனம் தெரியும்.

நெல்லின் வயதைப் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், இது தெரியாமல் இருபது வருடம் வயல் செய்தவர்களும் உண்டு. முன்னால் வரும் எழுத்து இனத்தை உருவாக்கிய நிலையத்தைச் சொல்லும்: பி.ஜி. என்றால் பத்தலகொட, ஏ.ரி. என்றால் அம்பலாந்தோட்டை, பி.டபிள்யூ. என்றால் பொம்புவெல, எல்.டி. என்றால் லபுதுவ. பின்னால் வரும் எண் வயது. 250இல் தொடங்குவது இரண்டரை மாதம், 300 முதல் மூன்று மாதம், 350 முதல் மூன்றரை மாதம், 400 முதல் நான்கு மாதம், 450 முதல் நாலரை. அப்போ பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352உம் ஏ.ரி. 362உம் மூன்றரை மாத நெல், பி.ஜி. 358 என்ற சம்பாவும் பி.ஜி. 360 என்ற கீரிச்சம்பாவும் அதே மூன்றரைதான். பி.ஜி. 94-1 போன்ற பழைய பெயர்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது, அவை வேறு முறையில் வைத்த பெயர்கள்.

சரி, மூன்று மாதத்துக்கும் மூன்றரை மாதத்துக்கும் இடையில் என்ன பெரிய வித்தியாசம், பதினைந்து நாள்தானே என்று கேட்கலாம். பயிருக்குள் அந்தப் பதினைந்து நாள் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்குவதில் இருந்து பூப்பது வரை சுமார் ஒரு மாதம், பூத்து முத்துவது வரை இன்னொரு மாதம், இந்த இரண்டும் எந்த இனத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது முதல் பகுதி, அதாவது முளைத்து, மட்டம் வெடித்து, அதாவது பக்கத் தண்டுகள் விட்டு வளருகிற காலம். மூன்று மாத நெல்லுக்கு அது ஒரு மாதம்தான் கிடைக்கும். அதற்குள் களை பிடுங்கி, முதல் பசளை போட்டு, பயிர் மட்டம் வெடித்திருக்க வேண்டும். பசளை பத்து நாள் பிந்தினால் நாலு மாத நெல் ஒருமாதிரி சமாளித்துக்கொள்ளும், மூன்று மாத நெல்லுக்குச் சமாளிக்க நாளே இல்லை. ஆகவே குறுகிய வயது என்றால் சோம்பேறிக்கு ஏற்ற நெல் என்று நினைப்பது சுத்தப் பிழை. பசளை கையில் இல்லாமல், கடன் எப்போது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறவர் மூன்று மாத நெல் போடுவதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

தண்ணீர்ப் பக்கம் பார்த்தால், நெல் வயல் ஆவியாகவும் மண்ணுக்குள் இறங்கியும் நாளுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 மில்லிமீற்றர் தண்ணீரைக் குடிக்கிறது. 7 என்று வைத்தால் 15 நாளுக்கு 105 மில்லிமீற்றர், ஒரு ஏக்கருக்கு 425 கனமீற்றர் அளவில், நீர்ப்பாசனக்காரரின் கணக்கில் ஒரு ஏக்கரடியில் (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கிற தண்ணீர்) மூன்றில் ஒன்று. ஆயிரம் ஏக்கரிலும் மூன்றரை மாத நெல் போட்டால் குளத்தில் இருந்து முந்நூறுக்கு மேற்பட்ட ஏக்கரடி கூடப் போகும், வாய்க்காலில் கசிவது தனி. குளம் நிறைந்திருக்கும் வருடத்தில் இது ஒன்றுமில்லை. அரைக்குளத்தோடு தொடங்குகிற வருடத்தில் வாய்க்காலின் கடைசி வயல்காரர் அறுப்பாரா இல்லையா என்பதை இதுதான் முடிவு செய்கிறது.

என் வயல் வாய்க்காலின் வாலில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சிறுபோகத்தில் மூன்று மாத நெல்தான் என்று கூட்டத்தில் முடிவாகியும், ஒரு வியாபாரி நல்ல விதை இருக்கிறது, விலையும் கிடைக்கும் என்று சொன்னதில் மூன்றரை மாத நெல்லை வாங்கினேன். உழவு மெசின் கிடைக்காமல் விதைப்பும் பன்னிரண்டு நாள் பிந்தியது. கடைசித் தண்ணீர் போனபோது என் பயிர் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வயல்காரர் தன் கிணற்றில் இருந்து இரண்டு இரவு தண்ணீர் இறைத்துத் தந்தார், அதுக்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன். அப்படியும் பாதி சப்பி, உள்ளே அரிசி இல்லை. அரிசி ஆலையில் நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் கீழே போட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகு தண்ணீரோடு சேர்த்துக் காற்றையும் கணக்கில் வைக்கிறேன். ஜூன் மாதம் தொடங்கிக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும், ஜூலையில் அது நெருப்புப் போல இருக்கும். நெற்பூ காலை ஒன்பது, பத்து மணியில் இருந்து மதியத்துக்குள் திறந்து மூடிவிடும். அந்த நேரத்தில் வெப்பம் 35 பாகைக்கு மேல் போனால் மகரந்தம் வேலை செய்யாது, காற்றும் வறண்டதாக இருந்தால் இன்னும் மோசம். ஏப்ரல் 20 விதைத்த மூன்றரை மாத நெல் ஜூலை 4 அளவில் பூக்கும். அதே நாள் விதைத்த மூன்று மாத நெல் ஜூன் 19 அளவில் பூத்துவிடும். கச்சானை எவராலும் தடுக்க முடியாது, அது உச்சத்துக்குப் போவதற்கு முன்னே பூக்க வைப்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. பிந்தி விதைக்கிறவருக்கு இது இரட்டை அடி.

பெரும்போகத்தில் கணக்கு தலைகீழ். ஒக்ரோபர், நவம்பரில் மழையோடு விதைக்கிறோம், தண்ணீர் பிரச்சினை இல்லை, சில வருடம் தண்ணீர் கூடினதுதான் பிரச்சினை. திரியாய், குச்சவெளிப் பக்கத்து மானாவாரி வயல்களுக்கு மழை நின்ற நாளோடு எல்லாம் முடிந்தது, அங்கே வயதைக் குறைத்துத்தான் போட வேண்டும். குளத்துக்குக் கீழே உள்ளவர்கள் மூன்றரை மாதம், தாழ்ந்த வயல் என்றால் நான்கு மாதம்கூடப் போடலாம். இங்கே பார்க்க வேண்டியது அறுவடை எந்த வாரத்தில் விழும் என்பது. ஜனவரி கடைசியில் வரும் பிந்திய மழையில் முத்திய கதிர் மாட்டினால் பயிர் சாயும், சாய்ந்த கதிர் ஈரத்தில் கிடந்து அங்கேயே முளைக்கும். விதைக்கு உறக்ககாலம் என்று ஒன்று உண்டு, முத்தியதும் உடனே முளைக்காமல் கொஞ்ச நாள் பொறுத்திருக்கும் குணம். அது சில இனத்துக்கு அதிகம், சில இனத்துக்கு இல்லை என்றே சொல்லலாம். வசந்தகாலக் கோதுமைக்காரருக்கும் இதே பயம் உண்டு, கதிரில் முளைத்த கோதுமையின் மாவில் பாண் களியாகிவிடும் என்பதால் விலையை வெட்டிவிடுவார்கள். அதனால் தண்டு எவ்வளவு உறுதி, கதிரில் முளைக்குமா என்ற இரண்டும் அவர்களுடைய விதைக் கையேட்டில் ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனி நிரலில் இருக்கும். நாமும் விதை வாங்கும்போது இதைக் கேட்க வேண்டும், விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் சொல்வார்.

இப்போ நோய், பூச்சி. இதில்தான் எனக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் "இந்த இனத்துக்கு அறக்கொட்டி வராது" என்று ஒரு வார்த்தையை நம்பி ஊரே ஒரு இனத்தைப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எதிர்ப்புச் சக்தி என்பது நிரந்தரமான சொத்து இல்லை. அறக்கொட்டி என்று நாங்கள் சொல்கிற கபில நிறத் தத்திக்கு எதிராக 1973இல் பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் ஐ.ஆர். 26 என்ற இனத்தை வெளியிட்டது. ஊர் ஊராகப் பரவியது. இரண்டு மூன்று வருடத்தில் அதையும் தின்னக்கூடிய தத்தி வந்துவிட்டது, ஏனென்றால் பார்த்த இடமெல்லாம் ஒரே ஒரு மரபணுவை நம்பிய ஒரே நெல். கோதுமையின் கதையும் இதேதான். மார்க்கிஸ் சமவெளியை நிறைத்தபின் 1916இல் தண்டுத் துரு நோய் வந்து வாரிக்கொண்டு போனது. பிறகு தச்சர் என்ற இனம் 1930களில் வந்து காப்பாற்றியது, 1950களின் தொடக்கத்தில் 15பி என்ற புதிய துரு வகை அதையும் வென்றது.

இப்போ கனடாவில் ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், அதைக் கேட்டபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கோதுமைக் கதிரைத் தாக்கும் சின்ன ஈ ஒன்று உண்டு, நம் வயலில் வெங்காயத் தாள் போலக் குழல் விட வைக்கிற கொப்புள ஈயின் குடும்பம்தான் அதுவும். அதைத் தாங்குகிற மரபணு ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது, எஸ்எம்1 என்று பெயர். அது தோற்றுப்போகாமல் இருக்க, 2010இலிருந்து விதைப் பையிலேயே நூற்றுக்கு 90 பங்கு தாங்கும் இனத்தையும் 10 பங்கு தாங்காத இனத்தையும் கலந்து விற்கிறார்கள். அந்தப் பத்துப் பங்கில் சாதாரண ஈக்கள் பிழைத்து வாழும், மரபணுவை வென்ற ஈ ஒன்றிரண்டு தோன்றினாலும் அந்தக் கூட்டத்தோடு கலந்து கரைந்துபோகும். கமக்காரர் தெரிந்தே கொஞ்சத்தை ஈக்குக் கொடுத்து மிச்சத்தை வருடக்கணக்கில் காக்கிறார்.

நெல்லை அப்படிக் கலந்து விதைக்க முடியாது, ஆலைக்காரர் எடுக்க மாட்டார், முத்துகிற நாளும் பிசகும். ஆனால் ஒரே வயதில் இரண்டு இனத்தை வேறு வேறு துண்டில் போடலாமே. இன்னொன்று, உலகம் முழுக்கத் தத்தி எதிர்ப்புக்கு எடுத்துக்கொண்ட மூலங்களில் ரத்துஹீனட்டி, பாபாவீ என்ற இரண்டும் இலங்கையின் பழைய நெல். நாம் விளைச்சல் போதாது என்று விட்டுவிட்ட நெல்லுக்குள்தான் அந்தச் சக்தி இருந்தது. அப்புறம், எந்த எதிர்ப்பு இனத்தைப் போட்டாலும் யூரியாவை அள்ளிக் கொட்டி, நாற்பது நாளைக்குள் கண்ட மருந்தையும் அடித்துச் சிலந்திகளைக் கொன்றால் அறக்கொட்டி வரத்தான் செய்யும். எரிபந்தம் என்கிற பூஞ்சண நோயும் கூடின யூரியாவைத் தேடித்தான் வரும்.

கடலோரத்து வயல்களுக்கு ஒரு சொல். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் குடாவை ஒட்டிய தாழ்ந்த வயல்களில் உப்பு ஏறும். முளைத்த முதல் வாரங்களிலும் பூக்கும் காலத்திலும்தான் நெல் உப்புக்கு மிகவும் பயப்படும். ஏ.ரி. 354 என்ற இனத்தின் பெற்றோரில் ஒன்று, கேரளத்தின் உப்புநிலத்துப் பொக்காளி, ஆகவே அது மற்றவற்றைவிடத் தாங்கும். நல்ல மண் உள்ளவர் அதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

விலை. நெல்லை நாடு, சம்பா, கீரிச்சம்பா, சிவப்பு என்று சந்தை பிரித்து வாங்குகிறது, கீரிச்சம்பாவின் விலையைக் கேட்டால் எவருக்கும் ஆசை வரும். ஒரு கணக்குப் போடுங்கள். நாட்டு நெல் ஏக்கருக்கு 2000 கிலோ தருகிறது, கீரிச்சம்பா 1600 கிலோ தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போ கீரிச்சம்பா கிலோ விலை நாட்டு நெல்லைவிட நூற்றுக்கு 25 கூட இருந்தால்தான் இரண்டும் சமம். அதற்கு மேலே கிடைத்தால்தான் லாபம், அதுவும் உங்கள் ஊருக்குக் கீரிச்சம்பா வாங்க லொறி வந்தால். கோதுமைக்காரருக்கு இதே இழுபறி புரதத்தில் வருகிறது: விளைச்சல் கூடினால் புரதம் குறையும், புரதம் குறைந்தால் விலை குறையும். எங்கள் பக்கம் புழுக்கிக் குத்துகிற சிவப்பு நெல்லுக்கு எப்போதும் ஆள் உண்டு, அதனால் ஏ.ரி. 362ஐ வீட்டுக்கென்று ஒரு துண்டில் போடாத வருடம் எனக்கு இல்லை.

விளைச்சலைக் கடைசிக்கு விட்டேன், வேண்டுமென்றே. ஒரு வயது வகுப்புக்குள் இருக்கிற நல்ல இனங்களுக்கு இடையில் விளைச்சல் வித்தியாசம், என் மேல்வயலுக்கும் கீழ்வயலுக்கும் இடையில் இருக்கிற வித்தியாசத்தைவிடக் குறைவு. ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு இனம் 5 வீதம் கூட விளைந்தது என்றால் அது என் வயலில் வரம்பு சரியில்லாததால் அழிந்துபோகிற அளவுதான்.

இன்னொரு விஷயம், இது கடையில் எவரும் சொல்லாதது. இனத்தைத் தனியாக முடிவு செய்யாதீர்கள். என் வயல் உள்வயல், அறுவடை மெசின் இரண்டு பேருடைய வயலைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர்களுடைய நெல் பச்சையாக நிற்க என்னுடையது முத்தினால் மெசின் வர வழியில்லை. அவர்கள் அறுத்தபின் என்னுடையது மட்டும் பச்சையாக நின்றால் ஊரிலுள்ள குருவியும் நெல் மூட்டுப்பூச்சியும் என் வயலுக்குத்தான் வரும். ஒரு வாய்க்காலில் ஒரே வயது, அதற்குள் இரண்டு மூன்று இனம், இதுதான் நான் கண்ட நல்ல வழி.

எந்த இனத்தைத் தீர்மானித்தாலும் விதையைப் பார்க்காமல் விதைக்காதீர்கள். நூறு நெல்லை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைத்து, 85க்கு மேல் முளைக்கிறதா என்று பார்க்க ஒரு வாரம் போதும். விதைக்குள் பன்றி நெல் என்கிற களைநெல் கலந்திருக்கிறதா என்று தட்டில் பரப்பிப் பார்க்க வேண்டும், அது ஒருமுறை வயலுக்குள் போனால் கொட்டிக் கொட்டி வருடக்கணக்கில் முளைக்கும். சம்பாவின் மணி சின்னது, ஒரு கிலோவில் எண்ணிக்கை கூட, நாட்டு நெல்லுக்குப் போடுகிற நிறையை அப்படியே போட்டால் பயிர் நெருங்கிவிடும்.

வரப்போகிற சிறுபோகத்துக்கு என் ஐந்து ஏக்கரில் மூன்றை மூன்று மாத வெள்ளை நாட்டுக்கு வைத்திருக்கிறேன், அது பி.ஜி. 300. ஒன்றரை ஏக்கரில் அதே வயதில் இன்னொரு இனம். மிச்ச அரை ஏக்கர் கிணற்றுக்குப் பக்கத்துத் துண்டு, அங்கேதான் வீட்டுக்கு ஏ.ரி. 362, அதுக்கு மட்டும் வாய்க்கால் மூடினாலும் தண்ணீர் கொடுக்க முடியும். முன்வயல்காரர் இரண்டு பேரோடும் பேசிவிட்டேன், மூவரும் இரண்டு நாள் இடைவெளிக்குள் விதைப்பதாக ஒத்துக்கொண்டோம். அறுக்கும்போது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக நிறுத்து, இனத்தின் பெயர், விதைத்த திகதி, பூத்த திகதி எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைப்பேன். பூத்த திகதியைத்தான் போன முறை எழுத மறந்துபோனேன்.